சாம்பிராணி காட்டிய கண்ணாடிகள்

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் தெருவில் யார் வீட்டிலாவது சாம்பிராணி போட்டால் நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிடுவேன். இதை வைத்தே என் மாமியார் என்னை நாத்திகக்காரி என்று முடிவு கட்டிவிட்டார். கறுப்புச் சட்டைக்காரர்கள் ஊரில் வளர்ந்தவள், வேறெப்படி இருப்பாள் என்று உறவுக்காரர்களிடம் சொல்லியும் வருகிறார். எங்கள் வீட்டில் யாரும் கறுப்புச் சட்டை போட்டதில்லை. அப்பா விபூதி பூசாமல் வயலுக்குப் படி இறங்க மாட்டார். எனக்குச் சாமி மேல் எந்தக் கோபமும் கிடையாது, புகை மேல்தான் கோபம். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்குமா, பரவுமா என்று பார்க்கப் போன இடத்தில் அந்தப் புகை என் வாழ்க்கைக்குள் வந்தது. வந்த புகை இன்னும் போகவில்லை.

எனக்கு வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா குத்தகைக்குப் பயிர் செய்தவர். நிலம், தஞ்சாவூர் டவுனில் குடியிருந்த ஒரு மிராசுதாருடையது. தலைமாட்டில் குடமுருட்டியிலிருந்து பிரிந்து வரும் வாய்க்கால், கால்மாட்டில் தார் ரோடு. குத்தகைக்காரனை நினைத்த மாத்திரத்தில் வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்த காலத்தில், விவசாயச் சங்கத்துக்காரர்கள் தாத்தாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தாலுகா ஆபீஸில் சாகுபடிதாரர் என்று பெயரைப் பதிய வைத்தார்களாம். தாத்தா பயந்துகொண்டே கைநாட்டு வைத்தாராம். தாத்தாவுக்குப் பிறகு அப்பா பெயருக்கு வந்த அந்தப் பதிவு இருந்ததால்தான் அவர் அந்த வயலில் நின்றார். அதே பதிவுதான் மிராசுதாரின் கண்ணை உறுத்திக்கொண்டும் இருந்தது.

ஆட்சி மாறும்போதெல்லாம் மிராசுதாரின் வேட்டிக் கரையும் மாறும். எந்தக் கட்சி வந்தாலும் அவர் வீட்டு வாசலில் கார் நிற்கும். நிலம் உழுகிறவனுக்குச் சேர வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு அவர் வீட்டில்தான் மதியச் சாப்பாடு. ரோடு அகலமாகி, அக்கம்பக்கத்து வயல்களில் மனை விற்கிறவர்களின் கலர் கொடிகள் முளைக்க ஆரம்பித்த பிறகு அவருக்கு அவசரம் வந்துவிட்டது. அப்பா பெயர் பதிவில் இருக்கும்வரை அந்த நிலத்தை எவனும் வாங்க மாட்டான். சம்பா அறுத்துக் குத்தகை நெல் அளக்கப் போகும்போதெல்லாம், "பாத்தியத்தை விட்டுட்டேன்னு எழுதிக் குடுத்துடேன்டா, உனக்கும் ஏதாவது பார்த்துச் செய்யறேன்" என்பார். "பாக்கலாங்க அய்யா" என்று சொல்லிவிட்டு அப்பா சாக்கை உதறிக்கொண்டு வந்துவிடுவார். அந்த ஒரு வார்த்தையை வைத்தே காலத்தை ஓட்டினார்.

அப்படிப்பட்ட மனிதர் என் விஷயத்தில் செய்த காரியம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நான் கும்பகோணத்தில் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்றதும், என்னைக் கேட்காமல், ஒரு பூவன் தாரைத் தோளில் தூக்கிக்கொண்டு மிராசுதார் வீட்டுப் பின்வாசலில் போய் நின்றிருக்கிறார். மிராசுதாரின் தம்பி தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். "நம்ம வீட்டுப் புள்ள, தம்பிகிட்ட சொல்லிடறேன்" என்று அவரும் தாராளமாகச் சொல்லிவிட்டார். எனக்கு இடம் கிடைத்தது. நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன், நுழைவுத் தேர்வும் எழுதியிருந்தேன். ஆனால் ஊரில் எல்லோருக்கும் அது வாழைத்தாருக்குக் கிடைத்த இடம்தான். அப்பாவுக்கும் அப்படித்தான்.

ஆக, சோறு அண்ணன் கையில், படிப்பு தம்பி கையில். இதை யோசித்துப் பார்க்கிற வயதில் நான் இல்லை. அப்பாவுக்கு அந்த வயது இருந்தது, ஆனால் அய்யா வாசலில் போய் நிற்கிற பழக்கம் விடவில்லை.

லேபில் என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். தோசைக்கல்லில் மாவை ஊற்றிக் கரண்டியால் தேய்க்கிறோம் இல்லையா, இங்கே கரண்டி கிடையாது, கல்லே சுற்றும். கழுவிக் காயவைத்த சிறு கண்ணாடித் துண்டை மெஷினின் நடுவில் வைத்தால், அடியிலிருந்து காற்றை உறிஞ்சி அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மேலே கரைசலைச் சில சொட்டு விட்டு வேகமாகச் சுற்றவிட்டால், மிச்சமெல்லாம் ஓரத்தில் தெறித்துப் போய்க் கண்ணுக்கே தெரியாத ஒரு படலம் மட்டும் கண்ணாடியில் ஒட்டி நிற்கும். ஸ்பின் கோட்டிங் என்பார்கள். பிறகு அதை உலையில் வைத்துச் சுடுவோம். சுட்டு எடுத்த படலத்தின் மேல் ஊசியால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, பக்கவாட்டில் கேமராவால் படம் எடுப்போம். சொட்டின் விளிம்பு கண்ணாடியோடு எந்தக் கோணத்தில் சேர்கிறது என்று அளக்க வேண்டும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் சேர்கோணம் என்று படித்த அதே விஷயம்தான். கோணம் பெரிதாக இருந்தால் சொட்டு உருண்டு நிற்கிறது, படலத்துக்குத் தண்ணீர் பிடிக்கவில்லை. சிறிதாக இருந்தால் பரவிவிட்டது, பிடித்திருக்கிறது. அவ்வளவுதான்.

அப்பாவிடம் இதை விளக்கியபோது வாய்விட்டுச் சிரித்தார். "வருஷம் பூரா வயல்ல தண்ணி நிக்கணுமேன்னு நான் வரப்பைக் கட்டிக்கிட்டுக் கெடக்கறேன். ஒரு சொட்டு நிக்குதான்னு பாக்க உனக்கு இத்தனை படிப்பாம்மா?" என்றார். அதன் பிறகு நான் ஊருக்குப் போகும்போதெல்லாம், "என்னம்மா, நின்னுச்சா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அந்தக் கேள்வி காதில் விழுந்த பிறகுதான் அம்மா சோற்றை எடுத்து வைப்பாள்.

என் வழிகாட்டியை நாங்கள் எல்லோரும் சார் என்றுதான் சொல்லுவோம். கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட எனக்கு ஆசைதான், ஆனால் பொய்யாகிவிடும். கண்ணாடி வெட்ட எனக்குக் கைபிடித்துக் கற்றுக்கொடுத்தவர் அவர். விளிம்பில் பிசிறு இல்லாமல், கீறலே தெரியாமல் வெட்டுவார். கரைசலில் ஒரு கட்டி இருந்தாலும் கொட்டிவிட்டு முதலிலிருந்து செய் என்பார். அப்படிச் சுத்தம் பார்த்த மனிதர்தான் வெள்ளிக்கிழமை தோறும் அந்த லேபைப் புகையால் நிரப்பினார்.

வியாழக்கிழமை உலையிலிருந்து எடுத்த புதுப் படலங்கள் எவர்சில்வர் தட்டில் வரிசையாக இருக்கும். வெள்ளிக்கிழமை காலை சார் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருவார். சுழலும் மெஷினின் மூடிக்குச் சந்தனம், குங்குமம். உலைக்குச் சந்தனம், குங்குமம். கேமராவுக்கு மட்டும் தூரத்திலிருந்து ஒரு கும்பிடு, லென்ஸ் அழுக்காகிவிடும் என்ற கவலை. பிறகு தூபக்காலில் கங்கு போட்டுச் சாம்பிராணி தூவி, அறை முழுக்கக் காட்டுவார். கடைசியாக அந்தப் புதுப் படலங்களுக்கு, தட்டோடு. எங்கள் பக்கத்தில் புதிதாக வந்த எதற்கும் சாம்பிராணி காட்டுவது வழக்கம். பிறந்த குழந்தையின் ஈரத் தலைக்குக் காட்டுவோம், புதுமாட்டைத் தொழுவத்தில் கட்டும் முன் காட்டுவோம். புதுப் படலத்துக்கு ஏன் கூடாது? எனக்கும் அது விநோதமாகப் படவில்லை. தட்டைப் புகைக்கு நேராக இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றவளே நான்தான். அது முடிந்த பிறகுதான் முதல் ரீடிங். வெள்ளிக்கிழமையில் தொடங்கினால் விளங்கும் என்பார்.

சார் ஒரு கண்டுபிடிப்பால் பெயர் வாங்கியவர். டைட்டானியம் ஆக்சைடு படலத்தில் தண்ணீர் நன்றாகப் பரவும், அது உலகமறிந்தது. அதில் துத்தநாகத்தைக் கொஞ்சம் கலந்தால் தண்ணீர் பரவாமல் உருண்டு நிற்கிறது என்று அவர் எழுதிய கட்டுரை வெளிநாட்டில் அச்சாகியிருந்தது. மழையில் நனையாத கண்ணாடி செய்த பேராசிரியர் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. அதைச் சட்டம் போட்டு மிராசுதார் தன் வீட்டுக் கூடத்தில், தலைவர்கள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். துத்தநாகத்தின் அளவைக் கூட்டிக் குறைத்து அந்தக் கண்டுபிடிப்பை நீட்டிக் கொண்டுபோவதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

ஒரு வெள்ளிக்கிழமை சார் திருப்பனந்தாளில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டார். பூஜை இல்லை. சாமி படத்துக்குப் பூ மட்டும் வைத்துவிட்டு நான் அளக்க உட்கார்ந்தேன். ஊசியிலிருந்து விழுந்த சொட்டு, விழுந்த வேகத்தில் பரவிப் படலத்தோடு படலமாகிவிட்டது. அடுத்ததும் அப்படியே. கரைசலில் துத்தநாகத்தைச் சேர்க்க மறந்துவிட்டேன் என்று நினைத்து எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. அடுத்த வாரம் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன், பார்த்துப் பார்த்துச் செய்தேன். சார் வந்திருந்தார், பூஜை நடந்தது, சொட்டு உருண்டு நின்றது. "பாத்தியா, போன வாரம் நான் இல்லைன்னதும் கோட்டை விட்டிருக்க" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை. அன்று கழுவுதொட்டியில் தூபக்காலைத் தேய்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. அதன் விளிம்பில் ஏறியிருந்த பிசினில் தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக நின்றது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. கையில் நாரோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

அதற்கடுத்த வாரம் ஒரே தட்டில் சுட்ட படலங்களில் பாதியை மூடி போட்ட கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து அலமாரிக்குள் தள்ளினேன். மீதியைத் தட்டில் வைத்துச் சாம்பிராணிக்குப் பிடித்தேன். கூடவே, படலமே இல்லாத வெறும் கண்ணாடித் துண்டு ஒன்றையும் கழுவித் துடைத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். மூடியிருந்ததில் தண்ணீர் பரவியது. புகை பட்டதில் நின்றது. வெறும் கண்ணாடியிலும் நின்றது! துத்தநாகத்தைக் கண்ணாலும் பார்க்காத, கழுவியதும் தண்ணீர் பரவியிருக்க வேண்டிய வெறும் கண்ணாடி அது. சார் ஒப்பிட வைத்திருந்த துத்தநாகம் கலக்காத படலங்கள் எல்லாம் பழையவை, டப்பாவுக்குள் இருப்பவை. அளக்கும்போது மறுபடி சூடு காட்டி எடுத்துக்கொள்வோம். பழசுக்கு யாரும் சாம்பிராணி காட்டுவதில்லை. அதனால் அவற்றில் மட்டும் தண்ணீர் ஒழுங்காகப் பரவிக்கொண்டிருந்தது. அந்த வித்தியாசத்தைத்தான் இத்தனை வருஷமாகத் துத்தநாகத்தின் மகிமை என்று எழுதிக்கொண்டிருந்தோம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை மறைக்க மாட்டேன். தப்பைக் கண்டுபிடிப்பதும் கண்டுபிடிப்புதானே, சார் கையைத் தட்டுவார் என்றுகூட நினைத்தேன். நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னும் சில வாரம் இதையே செய்துவிட்டு, படங்களை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

"துத்தநாகம் ஒண்ணும் செய்யலைங்க சார். சாம்பிராணிதான் செய்யுது" என்றேன்.

முதலில் வேடிக்கை என்று நினைத்து, "என்னம்மா சொல்ற?" என்றார். படங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். வெறும் கண்ணாடியின் படம் வந்ததும் அவர் முகம் மாறியது.

"வெளிநாட்டுக்காரன் ஒத்துக்கிட்டு அச்சுப் போட்டதை நீ இல்லைங்கறியா?"

"அவங்களுக்குச் சாம்பிராணி போடறது தெரியாதுங்க சார். நாம எழுதலையே."

"சாமி காரியத்துல கை வைக்கிற நீ." குரல் ஏறிவிட்டது. "எங்க வீட்டுக் கொல்லை வாசல்ல வாழைத்தாரோட யார் வந்து நின்னாங்கன்னு ஞாபகம் இருக்கா? யார் வீட்டு நெல்லத் தின்னு வளர்ந்தோம்ங்கறது ஞாபகம் இருக்கா?"

அவர் வீட்டில் அன்று மதியம் வடித்த சோறு அப்பா நாற்று விட்டு, களை எடுத்து, அறுத்து, அளந்து போட்டது. அவர் அண்ணன் அந்த வயலின் வரப்பில் செருப்பில்லாமல் நடந்து நான் பார்த்ததில்லை. இது அத்தனையும் என் நாக்கு நுனி வரை வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, "படத்தைப் பாருங்க சார்" என்று மட்டும் சொன்னேன்.

"உன் ஆய்வேட்டுல இதைப் பத்தி ஒரு சாப்டர் இருக்கக் கூடாது. அதை எடுத்துப் போட்டுட்டு வா, அன்னிக்கே கையெழுத்து. எடுக்கலைன்னா இங்கயே கெட" என்றார்.

எடுக்கவில்லை. அங்கேயே கிடந்தேன். அவர் கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போகாது, பட்டம் வராது. கூடச் சேர்ந்தவர்கள் முடித்துவிட்டு வேலைக்குப் போனார்கள். உதவித்தொகை நின்றது. எனக்கு வந்த இரண்டு வரன்கள், பெண் இன்னும் படிக்கிறாளா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போயின. ஒருநாள் அவர் லேபில் இருக்கும்போதே, புகை காட்டிய வெறும் கண்ணாடியை எடுத்து வைத்து, ஒரு சொட்டு விட்டு, கேமராவின் படம் தெரிகிற திரையைப் போட்டேன். வாயைத் திறக்கவில்லை. அவர் வந்து நின்று திரையை வெகுநேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் சொல்லாமலே போய்விட்டார். அன்று எனக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. கண்ணாடி வெட்டக் கற்றுக்கொடுத்த மனிதர் உள்ளே எங்கேயோ இருக்கிறார் என்று நம்பினேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, சாப்பிட உட்கார்ந்த இடத்தில் அழுதுவிட்டேன். "அந்த ஒரு சாப்டர்தான்ப்பா நான் செஞ்சது. மத்தது எல்லாம் அவர் சொன்னதைச் செஞ்சது. அதை எடுத்துட்டா அந்தப் புக்குல நான் எங்கப்பா இருக்கேன்?" என்று கேட்டேன். அப்பாவுக்கு அதில் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். "அய்யா வந்திருந்தாங்க. உன் படிப்பப் பத்தி விசாரிச்சாங்க."

"என்னவாம்?"

"தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிருமாம். நானும் ஒரு கையெழுத்தப் போட்டுட்டா ரெண்டு வேலையும் ஒண்ணா முடியுமாம்."

எனக்கு வந்த கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டேன். "என் படிப்புக்காக நீங்க எதையும் எழுதிக் குடுக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க. எங்கிட்ட ஆதாரம் இருக்குப்பா. படம் படமா வச்சிருக்கேன். அவரே ஒருநாள் ஒத்துக்குவாரு, பாருங்க. நான் ஜெயிச்சுக் காட்டறேன். நீங்க அந்த வீட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று கத்தினேன். அம்மா என்னை அடக்கப் பார்த்தாள். அப்பா சத்தியம் எதுவும் செய்யவில்லை. "சரிம்மா, சாப்பிடு" என்றார்.

சம்பா அறுவடை முடிந்து வெயில் ஏறத் தொடங்கியபோது, சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஆய்வேட்டை எடுத்துவரச் சொன்னார். சாம்பிராணி பற்றிய சாப்டரை எடுக்கவில்லை என்று வாசலிலேயே சொன்னேன். "இருக்கட்டும்" என்றார். பக்கத்தைப் புரட்டக்கூட இல்லை. பேனாவின் மூடியைத் திறந்து கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, என் பக்கம் தள்ளிவிட்டு, மேஜை மேல் கிடந்த வேறு எதையோ படிக்க ஆரம்பித்துவிட்டார். நான் நன்றி சொன்னதற்கு நிமிர்ந்து பார்க்கவில்லை. தோற்றவருக்கு வெட்கம் இருக்கும்தானே என்று நானே அவருக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று சைக்கிளில் விடுதிக்குத் திரும்பும்போது தஞ்சாவூர் முழுவதும் எனக்குச் சொந்தம் போல இருந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர், அந்தச் சாப்டரைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். வெறும் கண்ணாடியையும் சேர்த்து வைக்க எப்படித் தோன்றியது என்று கேட்டார். தூபக்கால் தேய்த்த கதையைச் சொன்னேன். கூடம் சிரித்தது. சாரும் கூடச் சேர்ந்து சிரித்தார், அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்த ஆய்வேட்டில் உருப்படியான பகுதி இதுதான் என்று அந்தப் பேராசிரியர் எல்லார் முன்னாலும் சொன்னார். கடைசி வரிசையில் அப்பா வெளுத்த வேட்டியோடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேசியதில் பாதிக்கு மேல் ஆங்கிலம். எல்லோரும் கை தட்டியபோது கொஞ்சம் பிந்தித் தட்டினார்.

வெளியே வேப்பமரத்தடியில் அவர் கையில் ஜாங்கிரியை வைத்தேன். "பாத்தீங்களாப்பா? அன்னிக்குச் சொன்னேன்ல? எந்த அய்யா தயவும் இல்லாம, ஆதாரத்தக் காட்டி ஜெயிச்சேன். அவரே ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாரு" என்றேன். எத்தனை தரம் சொன்னேனோ. அப்பா ஜாங்கிரியைப் பாதி பிட்டு என் வாயில் வைத்தார். "ஆமாம்மா. நீ ஜெயிச்சுட்ட" என்றார். பஸ் ஏறும்வரை அதற்கு மேல் அவர் பேசவில்லை. எப்போதுமே அதிகம் பேசாதவர் என்பதால் நானும் கண்டுகொள்ளவில்லை.

ஆனியில் ஊருக்குப் போனேன். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. பஸ்ஸிலிருந்து பார்க்கும்போதே இரண்டு பக்கமும் குறுவைக்கு நாற்றங்கால் பச்சை பிடித்திருந்தது. எங்கள் வீட்டுக் கொட்டகையில் விதைநெல் கட்டி வைக்கும் கோட்டை இல்லை. மண்வெட்டி கழுவித் துடைத்துச் சுவரில் மாட்டியிருந்தது. இன்னும் விதை விடவில்லையா என்று அம்மாவைக் கேட்டேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அப்பாவக் கேளு" என்றாள்.

அப்பா வீட்டில் இல்லை. வயலுக்கு நடந்தேன். ரோட்டிலிருந்தே தெரிந்துவிட்டது. வரப்புகளை வெட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள். மஞ்சள் தலை வைத்த மனைக் கற்கள் வரிசையாக நட்டிருந்தன. நான்கு மூலையிலும் கலர் கொடி படபடத்தது. ரோட்டோரம், புதிதாக வரப்போகும் நகரின் பெயர் எழுதிய வளைவுக்குக் குழி தோண்டிப் போட்டிருந்தார்கள். எங்கள் மடையை மண் போட்டு அடைத்திருந்தார்கள். வாய்க்கால் தண்ணீர் அதை ஒட்டி வந்து, திரும்பி, அடுத்தவர் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மடைக்கு மேல் கரையில் அப்பா குந்தியிருந்தார், வேலை இல்லாத நேரத்திலும் வந்து உட்காருகிற பழக்கத்தில்.

"எப்பப்பா எழுதிக் குடுத்தீங்க?"

"அறுப்பு முடிஞ்சதும்."

சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பியதும் அறுப்பு முடிந்த பிறகுதான். நான் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. அவர் பக்கத்தைப் புரட்டாமல் கையெழுத்துப் போட்டதும், தேர்வுக் கூடத்தில் சிரித்ததும் என் கண் முன்னால் வந்து நின்றன. ரோட்டோர நிலம் அவர் குடும்பத்தின் கைக்கு வந்துவிட்டது, இனி சொட்டு நின்றால் என்ன, பரவினால் என்ன அவருக்கு? நான் ஆதாரம் ஆதாரம் என்று படங்களைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். அந்த மனிதரை என் ஒரு படம்கூட அசைக்கவில்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை, அவ்வளவு ஆத்திரம்.

"நான்தான் வேண்டாம்னு சொன்னேனேப்பா. அந்தச் சாப்டர எடுத்துட்டா அவர் என்னைக்கோ கையெழுத்துப் போட்டிருப்பாரு. இதுக்குப் பதிலா நான் அதையாவது எடுத்திருப்பேனே" என்றேன்.

அப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குத்தாம்மா. அய்யா, பட்டத்துக்கு மட்டும்னாரு. நான் ஒத்துக்கல. எம் பொண்ணு என்னமோ சாம்பிராணியப் பத்தி எழுதியிருக்கு, அது ஒரு எழுத்து மாறாம இருக்கணும், அப்படின்னாத்தான் கையெழுத்துன்னேன். தம்பிக்குப் போன் போட்டுக் கேட்டுட்டு அப்புறந்தான் சரின்னாரு." என்னைத் திரும்பிப் பார்த்தார். "அது என்னன்னு எனக்கு வெளங்கலம்மா. ஆனா அன்னிக்கு நீ சோத்துல கைய வச்சுக்கிட்டு அதச் சொல்லித்தானே அழுத."

நான் கரையில் அவர் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"அப்படியே இருக்குல்ல? எதையும் எடுத்துடலையே?" என்று கேட்டார்.

"இருக்குப்பா" என்றேன்.